அக்லாயா பாலத்தைக் கடந்த ஞாயிற்றுக்கிழமை

ஆன்டிரியோவில் அக்லாயாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது, அது வேறு விஷயம். படகுத்துறைக்குப் போகும் வழியில், கோட்டைச் சுவரைத் தாண்டியதும் நீலக் கதவு போட்ட வீடு அவளுடையது. புருஷன் ஸ்டாத்திஸ் படகு ஓட்டியவன். இந்தக் கரைக்கும் எதிர்க்கரை ரியோவுக்கும் நடுவே காரையும் லாரியையும் ஏற்றிக்கொண்டு போய்வருமே, இரண்டு பக்கமும் திறந்த தட்டைப் படகு, ஊரார்கூட அதைச் செருப்பு என்றுதான் சொல்வார்கள், அதில்தான் அவன் ஆயுசு போனது. அக்லாயா துறையில் அடுப்பு வைத்து, வரிசையில் காத்திருக்கும் லாரிக்காரர்களுக்குக் கம்பியில் கோத்த இறைச்சியைச் சுட்டு விற்றாள். எலுமிச்சையைக் கையாலேயே பிழிவாள். கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டாள், சிரிப்பு வந்தால் மூடமாட்டாள். அப்படி ஒரு பெண்.

அப்புறம் பாலம் வந்தது. கடலுக்கு நடுவே நான்கு கோபுரம், அதிலிருந்து பாய்மரம் மாதிரி இறங்கும் வெள்ளைக் கம்பிகள். அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன், அழகுதான். ஆனால் லாரிகள் மேலே போய்விட்டன. துறையில் வரிசை இல்லை. அக்லாயாவின் அடுப்பு அணைந்தது. படகுகளில் பாதியைக் கட்டிப்போட்டார்கள்.

பாலம் திறந்த அன்று ஊரே கொடி பிடித்துக்கொண்டு அதில் நடக்கப் போனது. படகுக்காரர்கள் மட்டும் காப்பிக்கடையில் உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த ரொட்டியில் கையை வைத்துச் சத்தியம் செய்தார்கள். நம் கால் அதில் படாது என்று. ரொட்டிமேல் செய்த சத்தியம் எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் ஒவ்வொருவராக மீறினார்கள். ஒருவன் பல்வலி தாங்காமல் ஏறினான். இன்னொருவன் மாமியார் ஏறச் சொன்னாள் என்று ஏறினான், அவனை யாரும் குறை சொல்லவில்லை, அந்த மாமியாரை எல்லோருக்கும் தெரியும். கடைசியில் சத்தியத்தோடு நின்றவன் ஸ்டாத்திஸ் ஒருவன்தான்.

“நீ ஏறலன்னா நானும் ஏறல, போ,” என்று அக்லாயா சிரித்துக்கொண்டே சொன்னாள். கையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு சொன்னது. பையன் மெனேலாஸ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த மெனேலாஸே வளர்ந்து பாலத்தில் வேலைக்குப் போனான். கம்பிகளில் ஏறி, துரு பிடித்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஸ்டாத்திஸ் சத்தம் போடுவான் என்று ஊர் எதிர்பார்த்தது. அவன் போடவில்லை.

“போடா. சம்பளத்த வாங்கு. ஆனா வீட்டுக்கு வர்றப்ப என் படகுல வா,” என்றான்.

மெனேலாஸும் அப்படியே செய்தான். ரியோவில் வீடு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவின் படகில் வந்து, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு அப்பாவின் படகிலேயே போவான். அவன் கல்யாணம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணம் ரியோவில். பெண் அர்கிரோ, தங்கமான பெண், இன்றைக்கும் சொல்வேன். அன்று காலையில் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. கடல் வெள்ளையாக நுரைத்தது, துறைமுகத்தில் படகுகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து போகிறவர்கள் எல்லாம் கார்களில் பாலத்தின் வழியாகப் போனார்கள். ஸ்டாத்திஸ் புதுக் கோட்டும் புதுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு துறையில் வந்து நின்றான். பக்கத்தில் அக்லாயா, தலைமுடி சுருட்டி, கையில் பாதாம் மிட்டாய்ப் பெட்டியோடு.

“காத்து இறங்கிடும். மொதப் படகுல போயிடலாம்,” என்றான் ஸ்டாத்திஸ்.

அவன் தங்கை மோர்ஃபோ காரிலிருந்து தலையை நீட்டிக் கத்தினாள். “அண்ணா, ஒனக்குப் பைத்தியமா? உன் மகன் கல்யாணம்! அண்ணி, நீங்களாவது ஏறுங்க!”

அக்லாயா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நீ போ மோர்ஃபோ. நாங்க வந்துடறோம்,” என்றாள்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை கோவில் வாசலில் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு பெண் வருவதற்காகக் காத்திருப்பான். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் நிற்பார்கள். மெனேலாஸ் தனியாக நின்றான். பாதிரியார் இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். பெண் வந்து இறங்கினாள். அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை.

காற்று சாயங்காலம்தான் இறங்கியது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேஜைகளில் எலும்புதான் மிச்சம், வாத்தியக்காரன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். மெனேலாஸ் எழுந்து வந்தான். முகத்தில் கோபம்கூட இல்லை.

“வாங்க. இனிப்பு எடுத்துக்குங்க,” என்றான். அடுத்த தெருக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரி.

அதோடு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. பண்டிகைக்குத் தொலைபேசியில் பேசுவான், உடம்பு எப்படி என்று கேட்பான், வைத்துவிடுவான். பெண் குழந்தை பிறந்தது. முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது எங்கள் முறை. ஊரே குட்டி அக்லாயாவுக்காகக் காத்திருந்தது. மெனேலாஸ் மாமியார் பெயரை வைத்தான், உரானியா என்று. “அப்பன்மேல இருக்கற கோவத்த இப்படித் தீத்துக்கறான்,” என்றது ஊர். அக்லாயாவும் அதையே சொன்னாள், அதையே நம்பினாள்.

போன வசந்தத்தில் ஸ்டாத்திஸ் தூக்கத்திலேயே போய்விட்டான். மெனேலாஸ் வந்தான், பெட்டிக்குத் தோள் கொடுத்தான். மண் போட்டு முடிந்ததும் அக்லாயா தட்டோடு ஒவ்வொருவரிடமும் போனாள். செத்தவருக்காகக் கோதுமையை வேகவைத்து, பாதாம், மாதுளை, திராட்சை கலந்து, மேலே சர்க்கரை தூவிக் கொடுப்போம். ஒரு வாய் எடுத்துக்கொண்டு, கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். மெனேலாஸ் தட்டைப் பார்த்தான். கையை நீட்டினான், பாதியில் மடக்கிக்கொண்டான். காப்பிக்கும் உட்காராமல் போய்விட்டான்.

அன்றிலிருந்து அக்லாயாவுக்குத் தூக்கம் இல்லை. நாற்பதாம் நாள்தான் உயிருக்கு அங்கே இடம் முடிவாகும் என்பார்கள். அதற்குள் மகன் வாயால் அந்த வார்த்தை வரவில்லை என்றால் ஸ்டாத்திஸ் எங்கே போய் நிற்பான்? யார் என்ன சமாதானம் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை.

நாற்பதாம் நாள் பூசையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். வியாழக்கிழமை மோர்ஃபோ கோதுமை புடைக்க வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை.

“மெனேலாஸ் ஞாயித்துக்கிழமை வரமாட்டான் அண்ணி.”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது. அன்னிக்குப் பாலத்துல ஓட்டப்பந்தயமாம். பொண்டாட்டி, பொண்ணு, மூணு பேரும் பேர் குடுத்திருக்காங்க. வருஷா வருஷம் ஓடுறாங்களே. அப்பனுக்கு நாப்பதாம் நாள், மகன் அரைக்கால் சட்ட போட்டுக்கிட்டு ஓடுறான். நல்லா இருக்கு.”

“ஓடட்டும். எங்கேருந்து ஓடுறாங்க?”

“தூரம் ஓடுறவங்க நாஃப்பக்டோஸ்லேருந்து வருவாங்க. குடும்பமா ஓடுறவங்க இங்க கோட்டைகிட்ட சேந்துக்கிட்டு பாலத்த மட்டும் தாண்டுவாங்க. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“அண்ணி, நீங்க சும்மா எதையும் கேக்கறவங்க இல்ல.”

அக்லாயா கோதுமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, எல்லோருக்கும் கோதுமை கொடுத்து, காப்பி கொடுத்து அனுப்பினாள். மிச்சக் கோதுமையைச் சின்னச் சின்னக் காகிதப் பைகளில் போட்டுத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். கறுப்பு உடை, கறுப்பு முக்காடு, கால்வலிக்காக வாங்கிய தடித்த சப்பாத்து. அப்படியே கோட்டைப் பக்கம் போனாள். அங்கே பாட்டு, பலூன், கலர் கலராகச் சட்டைகள். மேஜைக்குப் பின்னால் ஊசியும் எண் அட்டையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, இது ஓட்டத்துக்கான வரிசை. கோவில் அந்தப் பக்கம்.”

“கோவிலுக்குப் போயிட்டுத்தான் வர்றேன். எனக்கு ஒரு நம்பர் குடு.”

“குடும்ப ஓட்டமா? மத்தவங்க எங்க?”

“முன்னாடி போயிட்டாங்க.”

“உங்களால ஓட முடியுமா?”

“நடப்பேன். நடந்தா புடிச்சு உள்ள போட்ருவீங்களா?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “நடக்கலாம்மா. கடைசியா ஒரு பஸ் வரும். முடியலன்னா அதுல ஏறிக்குங்க.”

“அந்த பஸ்ஸ வீட்டுக்கு அனுப்பு. ஞாயித்துக்கிழமையும் அதுக்கு வேலையா.”

கறுப்பு மார்பில் வெள்ளை அட்டையைக் குத்திக்கொண்டு அவள் கூட்டத்தின் பின்னால் போனாள். பாலம் தொடங்கும் இடத்தில் இரும்புப் பட்டை ஒன்று தரையில் பதித்திருக்கிறது. அதன்முன் நின்றாள். பின்னால் வந்த தள்ளுவண்டி அவள் குதிகாலில் இடித்தது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுற்றிப் போனது.

“ஸ்டாத்திஸ், நீ செத்துட்ட. நான் இன்னும் சாகல. கொஞ்சம் தள்ளி நில்லு,” என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்து வைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. வெறும் தார்ச்சாலை.

நாஃப்பக்டோஸிலிருந்து ஓடிவந்தவர்கள் வியர்வையோடு அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருவன், ஏதென்ஸ்காரன்போலப் பேச்சு, அவள் கையிலிருந்த காகிதப் பையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான்.

“அது என்ன பாட்டி, ஓடுறவங்களுக்குத் தர்றதா?”

“என் புருஷனோட கோதுமை. நாப்பதாம் நாள்.”

அவன் முகம் மாறியது. நின்றான். பையைக் கையில் கவிழ்த்து வாயில் போட்டுக்கொண்டு, “கடவுள் அவர மன்னிக்கட்டும்,” என்றான். “நீங்க நல்லா இருக்கணும்,” என்று ஓடினான். அவனைப் பார்த்து இன்னொருத்தி நின்றாள். பிறகு தள்ளுவண்டிக்காரக் குடும்பம். முன்பின் தெரியாத வாய்களெல்லாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகின்றன! அக்லாயா ஒரு பையை மட்டும் மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள்.

நடுப்பாலம் உயர்ந்து நிற்கும். அங்கே வந்ததும் மூச்சு வாங்கியது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருஷம் அடியில் இருந்து பார்த்ததை அன்றுதான் மேலே இருந்து பார்த்தாள். மலைகள் இரண்டு பக்கமும் கடலுக்குள் முழங்கால் நனைத்து நிற்கின்றன. தண்ணீர் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கருநீலம். கீழே ஒரு படகு தீப்பெட்டி மாதிரி ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அவர்கள் அன்று நின்றிருந்த துறை. முன்னால் பார்த்தால் ரியோ, வீடுகளுக்கு நடுவே மெனேலாஸ் கல்யாணம் செய்த கோவிலின் கூரை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவ்ளோ பக்கமா?” என்றாள். யாரிடமும் இல்லை.

கைப்பிடியை விட்டுவிட்டு மேலே நடந்தாள்.

கொஞ்ச தூரத்தில் மூன்று பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். குழந்தை சப்பாத்துக்குள் புகுந்த கல்லை உதறிக்கொண்டிருந்தது.

“அப்பா, அந்தக் கறுப்புப் பாட்டி நம்மளயே பாக்கறாங்க.”

மெனேலாஸ் திரும்பினான். அவன் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, அவள் காலை.

“நீங்களா? பாலத்துலயா?”

“பின்ன கடல்மேலயா நடக்கறேன்?”

அர்கிரோ ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். “அத்தை, உக்காருங்க. எப்படி மூச்சு வாங்குது பாருங்க. தண்ணி குடிங்க.”

“அப்பறம் குடிக்கறேன்.” அக்லாயா மார்புக்குள்ளிருந்து பையை எடுத்து நீட்டினாள். “உங்கப்பாவோடது. காலைல பூசைல வெச்சது. இன்னிக்குள்ள ஒரு வாய் சாப்பிட்டு அந்த வார்த்தையச் சொல்லுடா. ஒரே ஒரு தடவ. அப்பறம் நான் உன்ன எதுவும் கேக்க மாட்டேன்.”

அவன் மறுப்பான், அழுவான், கத்துவான் என்று எல்லாவற்றுக்கும் அவள் தயாராக வந்திருந்தாள். அவன் அர்கிரோவைப் பார்த்தான். அர்கிரோ பையை வாங்கி அவன் கையில் கொடுத்தாள். அவன் பிரித்தான், உள்ளங்கையில் கொட்டிக்கொண்டான், மென்றான்.

“கடவுள் அவர மன்னிக்கட்டும்.”

அவ்வளவுதான். குரல் இடறக்கூட இல்லை.

“இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்றான். “நான் எப்பவோ சொல்லிட்டேன். தெனமும் காலைல அந்தக் கம்பிமேல நிக்கறப்ப கீழ அவர் படகு போகும். அண்ணாந்து பாத்துக் கையாட்டுவாரு. நானும் ஆட்டுவேன். வேலைய விட்டு நின்னப்பறமும் துறைக்கு வந்து நின்னு ஆட்டுவாரு. சாகறதுக்கு முந்தின நாள்கூட.”

அக்லாயா குனிந்து துறையைப் பார்த்தாள். “என்கிட்ட அவர் சொல்லலியே.”

“நானும் யார்கிட்டயும் சொல்லல.”

“அப்ப அன்னிக்கு ஏன்டா தட்டுல கைய வெக்கல?”

“தட்டு உங்க கைல இருந்துச்சு.”

அர்கிரோ குழந்தையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள், கம்பிகளைக் காட்டி ஏதோ சொன்னாள்.

மெனேலாஸ் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினான். அப்பனைப்போலவே. “அவரு ரொட்டிமேல சத்தியம் பண்ணினாரு. அவரு வரமாட்டாருன்னு காலைல காத்து அடிச்சப்பவே எனக்குத் தெரியும். பைத்தியக்காரரு, ஆனா சொன்னாச் சொன்னதுதான். நீ எதும்மேல சத்தியம் பண்ணின? வெங்காயம் நறுக்கிட்டே சிரிச்சுக்கிட்டுச் சொன்ன. நான் பக்கத்துலதான இருந்தேன். நீ வருவேன்னு நெனச்சேன். பாதிரியார் உள்ள வாடான்னு கூப்புட்டப்பகூட, இன்னும் கொஞ்சம் பொறுங்க, எங்கம்மா மோர்ஃபோ அத்தை கார்ல வந்துருவாங்கன்னு சொன்னேன். மோர்ஃபோ அத்தை இறங்கினாங்க. கதவச் சாத்திட்டாங்க. உள்ள வேற யாரும் இல்ல.”

“அவர அங்க தனியா விட்டுட்டு எப்படிடா வர்றது?”

“நானும் தனியாத்தாம்மா நின்னேன்.”

எத்தனையோ வருஷம் கழித்து அவன் அவளை அம்மா என்று கூப்பிட்டது அதுதான், அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட அவளால் முடியவில்லை.

குழந்தைக்கு அவள் பெயரை ஏன் வைக்கவில்லை என்று இப்போது கேட்க ஒன்றும் இல்லை. அது அவளுடைய பெயர், ஸ்டாத்திஸுடையது அல்ல. இவ்வளவு வெளிச்சமாக இருந்ததை ஊரோடு சேர்ந்து அவளும் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

“எனக்கு என்ன சொல்லப்போற?” என்று கேட்டாள்.

அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டினான். “அந்த வார்த்த செத்தவங்களுக்கு. உயிரோட இருக்கறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

பின்னால் வந்த பஸ் மெதுவாக அவர்கள் பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “ஏறுறீங்களாம்மா?” என்றான். அக்லாயா கையை ஆட்டி அவனைப் போகச் சொன்னாள்.

மிச்சப் பாலத்தை நால்வரும் நடந்தார்கள். மெனேலாஸ் அவளுக்காக மெதுவாகத்தான் நடந்தான், அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் ஓரடி முன்னால் நடந்தான். குழந்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்து, “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டது.

“அதோ, அந்தக் கரை.”

“அவ்ளோ பக்கத்துலயா? அப்பறம் ஏன் எங்க வீட்டுக்கு வந்ததே இல்ல?”

அதற்குள் ரியோ வந்துவிட்டது. மைக் பிடித்திருந்தவன் அவர்களைப் பார்த்துக் குஷியாகிவிட்டான். “கடைசிக் குடும்பம் வந்தாச்சு! எத்தன பேரு நீங்க?” என்று கத்தினான். மெனேலாஸ் சட்டையிலிருந்த எண் அட்டையைக் கழற்றினான். “நாலு,” என்றாள் அர்கிரோ. நாலு பதக்கம் மாட்டினார்கள்.

அவர்களுடைய கார் பக்கத்தில்தான் நின்றது. “ஏறுங்க அத்தை, வீட்டுல சாப்பிட்டுட்டு, சாயங்காலம் கொண்டுபோய் விடறோம்,” என்றாள் அர்கிரோ.

அக்லாயா காருக்குள் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். அவன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏறு என்றுகூட வேண்டாம், தலையை அசைத்தால் போதும். அவள் காத்திருந்தாள். அவன் குனிந்து குழந்தையின் இருக்கைப் பட்டையை மாட்டினான், நிமிர்ந்தான், கார்க் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“இல்லம்மா அர்கிரோ. நான் நடந்தே போறேன்,” என்றாள்.

“படகு இருக்கே அத்தை!”

“பாலமும் இருக்கு.”

ஓரத்து நடைபாதையில் அவள் திரும்பி நடந்தாள். கார்களை மறுபடி விட்டிருந்தார்கள், லாரிகள் போகும்போது தரை அதிர்ந்தது. நடுப்பாலத்தில் அவள் நிற்கவில்லை. கீழே படகு போனபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆன்டிரியோ பக்கம் மோர்ஃபோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தாள். பூசை முடிந்ததிலிருந்து அவளைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறாள்.

“உங்களுக்கு மூள இருக்கா அண்ணி? இந்த வயசுல பந்தயமாம்! கழுத்துல என்ன அது, மெடலா? அய்யோ கடவுளே.” பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “பாத்தீங்களா அவன?”

“பாத்தேன்.”

“சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான்.”

“சொன்னானா?”

“சொன்னான்.”

மோர்ஃபோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது, அண்ணனுக்காக. “அப்பறம் ஏன் இப்படி அழுவறீங்க? போதும் அண்ணி, எங்கண்ணனுக்கு எடம் கெடச்சிருக்கும். இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்.”

அக்லாயா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.